தீவுப் படகில் ஏறும்முன் தலைகளை எண்ணுங்கள்

2014 ஜனவரி 26. குடியரசு நாள் விடுமுறை. அந்தமானில் போர்ட் பிளேரை ஒட்டி, ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் இடையிலான கடலில் ‘அக்வா மெரைன்’ என்ற சுற்றுலாப் படகு மூழ்கியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் புறப்பட்டுப் போனவர்கள். 25 பேருக்கு மட்டுமே அனுமதி பெற்ற அந்தப் படகில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றியிருந்தார்கள். நடுக்கடலோ புயலோ அல்ல. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்ததே ஒரு கடற்கரைக் காட்சி, அதே நார்த் பேதான்.

இன்றும் சென்னை அடையாறு எல்.பி. ரோட்டிலோ இந்திரா நகரிலோ ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போய் அந்தமான் பேக்கேஜ் கேட்டால், அந்தப் பயணத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கித் தருவார்கள். காலையில் படகு, ராஸ் தீவு (2018 இறுதியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாறியது), நார்த் பேயில் ஸ்நார்க்கலிங், கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறை, விருப்பப்பட்டால் கடலடி நடை, ஜெட் ஸ்கி, பனானா ரைடு, மாலையில் திரும்புதல். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனால் புதுமணத் தம்பதிகளும் போகிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் டிக்கெட் எடுத்து அனுப்பி வைக்கும் ஓய்வுபெற்ற பெற்றோரும் போகிறார்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பஸ் பிடிப்பதுபோல் குழுவாகவும் போகின்றன. போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கடலடி உலகம் பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் பணம் கட்டிய பயணிக்கு அந்த ஜெட்டியில் என்னென்ன உரிமை இருக்கிறது என்பதை நம்மில் மிகச் சிலரே அறிந்திருக்கிறோம்.

படகு விபத்துகளை அடுக்கிப் பார்த்தால் மனம் கனக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று, சென்னைக்குப் பக்கத்திலேயே பழவேற்காட்டில், உல்லாசப் பயணம் போன 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள். அதே ஆண்டு டிசம்பரில் மும்பை கேட்வேயிலிருந்து எலிஃபென்டா தீவுக்குப் போன ‘நீல்கமல்’ படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியது. காரணங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும், அளவுக்கு மீறிய கூட்டமும் உடம்பில் இல்லாத லைஃப் ஜாக்கெட்டும் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. இரண்டுமே கரையில் நின்றபடி நம் கண்ணாலேயே பார்க்கக் கூடியவை.

கூட்டம் ஏன் கொல்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எதிர்த்துக் கேட்கத் துணிவு வரும். ஆட்கள் கூடக் கூடப் படகு நீரில் தாழ்ந்துபோகும், பக்கச் சுவருக்கும் அலைக்கும் இடையே உள்ள உயரம் குறையும். அதைவிட ஆபத்து, எடை மேலே ஏறுவதும் ஒரே பக்கம் சாய்வதும். மேல்தட்டில் படம் எடுக்கப் பத்துப் பேர் நின்றாலே படகின் நிதானம் மாறிவிடும். தேக்கடியில், கரையோரம் வந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோதுதான் படகு சரிந்தது. கடலில் டால்பின் தெரிந்தாலும் நடப்பது இதேதான். எனவே, படகில் எழுதியிருக்கும் அனுமதி எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு தலைகளை எண்ணுங்கள். படகின் பெயரையும் பதிவு எண்ணையும் கைபேசியில் படம் எடுத்து, கரையில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஏறுங்கள். நாளை ஒரு வழக்கு என்று வந்தால் முதல் சாட்சி அந்தப் படம்தான்.

எண்ணிக்கை மீறியிருந்தால் ஏற மறுக்கலாம். ஏறாமலே முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம், ஏனென்றால் குறை அவர்களுடைய சேவையில். அளவுக்கு மீறி ஆளேற்றிய படகிலோ பாதுகாப்பற்ற படகிலோ கூலிக்கு ஆட்களைக் கொண்டுபோவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவின்படி குற்றம். விபத்து நடந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஏற்றிக்கொண்டு போவதே குற்றம். “எல்லாரும் ஏறிட்டாங்க சார், நீங்க மட்டும்தான்” என்று அவசரப்படுத்துவார்கள். அந்த ஒரு நிமிடக் கூச்சத்தை நாம் வென்றாக வேண்டும். குழுவில் ஒருவர் வாய் திறந்தால் போதும், இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள்.

லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வதும், இருக்கைக்கு அடியில் தள்ளுவதும், படம் எடுத்ததும் கழற்றுவதும் நம் பழக்கம். படகு கவிழும்போது அதைத் தேடி மாட்டிக்கொள்ள நேரம் இருக்காது. எல்லாக் கொக்கிகளும் மாட்டப்பட்டிருக்கின்றனவா, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் முகவாய்க்கு மேல் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் உதவாது. தண்ணீரில் விழுந்ததும் தலைவழியே கழன்றுவிடும். குழந்தை அளவு இல்லை என்றால் அந்தப் படகு உங்கள் குடும்பத்துக்கான படகு அல்ல. புடவையும் துப்பட்டாவும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், படகு நாளில் பெண்கள் சுடிதாரோ டிராக் பேன்ட்டோ போட்டுக்கொள்வது நல்லது.

ஸ்நார்க்கலிங்கில் உள்ள ஆபத்து வேறு வகையானது, அதிகம் பேசப்படாதது. நீச்சல் தெரியாதவர்களைக்கூட வளையத்தைப் பிடிக்கச் சொல்லி வழிகாட்டி இழுத்துப் போவார், எனவே பயம் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் சுற்றுலாப் பயணிகள் ஸ்நார்க்கலிங்கின்போது அடிக்கடி இறக்கும் ஹவாய் தீவுகளில் நடந்த ஆய்வு ஒன்று, 2021-இல் முக்கியமான ஒரு விஷயத்தைச் சொன்னது. இறந்தவர்களில் பலர் கைகாலை உதறவில்லை, கத்தவில்லை. குறுகிய குழாய் வழியே முக்கி மூச்சை இழுக்கும்போது நுரையீரலுக்குள் திரவம் கசியக்கூடும், ஆக்ஸிஜன் வேகமாகக் குறையும், கை கால் தளரும், முகம் நீரில் கவிழ்ந்தபடியே நினைவு தப்பும். பக்கத்தில் இருப்பவருக்கு அவர் மீன் பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும், குழாயில் காற்றுத் தடை அதிகமாக இருந்தாலும், உடலை வருத்தி நீந்தினாலும் இந்த ஆபத்து கூடுகிறது என்று அந்த ஆய்வு எச்சரித்தது.

அறுபது வயதைக் கடந்து, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலில் முகம் புதைக்கப் போகும் அப்பா அம்மாக்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஸ்நார்க்கலிங்குக்கு முன்னால் நிரப்பச் சொல்லும் படிவத்தில் நோய்களை மறைக்காதீர்கள். வயதை ஐந்து குறைத்துப் போடுவதும் வேண்டாம். பிற்பாடு காப்பீட்டுக் கோரிக்கை தள்ளுபடியாக அதுவே காரணமாகலாம். முதலில் மார்பளவு தண்ணீரில் நின்று பத்து நிமிடம் மூச்சுப் பழகுங்கள். காரணமில்லாமல் மூச்சு வாங்கினால் அந்த நொடியே குழாயைக் கழற்றி, மல்லாந்து படுத்து, கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். தனியே போகக் கூடாது. ஜோடியாகப் போய், இருவரும் அடிக்கடி தலை தூக்கி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே நாளில் ஸ்கூபாவும் சேர்த்துச் செய்கிறவர்கள், மறுநாள் விமான நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவத் துறையின் பரிந்துரை. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழ்களாகி, மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். கடைசி நாளில் ஸ்கூபாவை வைக்கும் பேக்கேஜை மாற்றச் சொல்லுங்கள். அந்தமானின் சில கரைகளில் உவர்நீர் முதலைகளும் உண்டு. 2010-இல் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரைப் பகுதியில் ஸ்நார்க்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் வழிகாட்டி “ஒன்றும் ஆகாது” என்றாலும் இறங்காதீர்கள். பவளத்தை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குப் போக நேரிடும்.

இனி அந்தப் படிவம். ‘என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன், எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அதைப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். விபத்துக்குப் பிறகு குடும்பங்களை வழக்குப் போடாமல் தடுத்து நிறுத்துவது இந்த நம்பிக்கைதான். கடலுக்கே உரிய ஆபத்தை ஏற்பதாக நாம் கையெழுத்திடலாம். நிறுவனத்தின் அலட்சியத்தை அந்தக் கையெழுத்து கழுவிவிடாது. நுகர்வோருக்குப் பாதகமாகத் தகாத நிபந்தனைகளைச் சுமத்தும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்றே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்து, அதை எதிர்த்து மாநில ஆணையத்தில் முறையிடவும் வழி செய்திருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன ஒரு தீர்ப்பு இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. கேரளத்தின் கோவளத்தில் அரசுச் சுற்றுலாக் கழகம் நடத்தும் ஓட்டலில், குடும்பத்தோடு தங்க வந்த ஒருவர் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். உயிர்காப்பாளர் என்று ஒருவரை வைத்திருந்தார்கள்தான், ஆனால் அவருக்கே மதுக்கூடத்தில் பரிமாறும் வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அது கடமை தவறியது என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. குடும்பத்துக்குத் தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த 62.5 லட்சம் ரூபாய் இழப்பீடும் நிலைத்தது. படகிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். தண்ணீரில் இருப்பவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் இருக்கிறாரா, அல்லது அவர்தான் டிக்கெட்டும் கிழித்து, படமும் எடுத்து, மதிய உணவும் பரிமாறுகிறாரா?

அடையாறில் குடியிருப்பவர் அந்தமான் நிறுவனத்தின்மீது அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? வேண்டாம். பழைய சட்டத்தில் அந்தச் சிக்கல் இருந்தது. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, நுகர்வோர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம் என்கிறது. ஆகவே சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். எந்த ஆணையம் என்பதை, நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்துத் தீர்மானிப்பதில்லை, நீங்கள் கட்டிய தொகையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, காணொளியில் ஆஜராகவும் கேட்கலாம், ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நுகர்வோர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் புகார் தரலாம்.

ஆணையம்வரை போகாமலே தீரக்கூடிய சச்சரவுகளும் உண்டு. கடல் சீற்றத்தால் துறைமுகம் படகை நிறுத்திவிட்டால், “நாங்க கேன்சல் பண்ணல, ரீஃபண்ட் கிடையாது” என்பார்கள். நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே, 65-ஆம் பிரிவில், இருக்கிறது. பில் தர மறுப்பதும், சேவைக் குறைக்காகத் திருப்பித் தர வேண்டிய பணத்தை இழுத்தடிப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் சட்டம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தனிநபர் ஒருவரின் கைபேசி எண்ணுக்கு யு.பி.ஐ.யில் பணம் அனுப்பாமல் நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்புவதும், பேக்கேஜில் எந்தெந்த ‘ஆக்டிவிட்டி’ அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குவதும் இதனால்தான் முக்கியம்.

பேக்கேஜ் விற்ற உள்ளூர் டிராவல்ஸ் “நாங்க வெறும் ஏஜென்ட்தான்” என்று ஒதுங்கப் பார்க்கும். உங்களிடம் பணம் வாங்கி ரசீது கொடுத்தவர்களையும், படகு ஓட்டியவர்களையும் சேர்த்தே எதிர்மனுதாரர்கள் ஆக்குங்கள். புக்கெட், பட்டாயா என்று வெளிநாட்டுத் தீவுப் பயணம் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். 2018 ஜூலையில் புக்கெட் கடலில் ‘ஃபீனிக்ஸ்’ படகு மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தபோது, வானிலை எச்சரிக்கையை மீறியே அது புறப்பட்டிருந்தது. அந்நிய மண்ணில் வழக்காடுவது எளிதல்ல. சென்னையில் பணம் வாங்கிய நிறுவனம் நம் கைக்கு எட்டும்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயணக் காப்பீடு எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறோம். சாகச விளையாட்டுகளை விலக்கும் ஒரு வரி பல பாலிசிகளில் இருக்கும். ஸ்கூபா, பாராசெய்லிங், ஜெட் ஸ்கி அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கோரிக்கையை நிறுவனம் மறுத்தால், சென்னையிலேயே இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல் படையின் எண் 1554, கடலோரப் போலீஸ் 1093, பொது அவசர உதவி 112. பயணம் புறப்படும் முன்பே இவற்றைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். யாராவது காயப்பட்டாலோ இறந்தாலோ அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் தருவதுதான் முறை. ஆனால் துக்கத்தோடு ஊர் திரும்பிவிட்ட குடும்பம், அடையாறு காவல் நிலையத்திலேயே ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதியச் சொல்லலாம். எந்த எல்லைக்குள் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். அலட்சியத்தால் உயிரிழப்பு நேர்ந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. அந்தக் குற்ற வழக்கு முடியட்டும் என்று நுகர்வோர் வழக்கைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டும் தனித்தனி. நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கும் காலக்கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான். மருத்துவச் சான்று, வவுச்சர், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், படகின் படம், உடன் பயணித்தவர்களின் தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே ஒரு கோப்பில் சேர்த்து, நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.