வாடகைக்குத் துப்பாக்கி

போன மாசம் ஒரு ராத்திரி, கலிஃபோர்னியாவில் இருக்கும் காலேஜ் நண்பன் போன் பண்ணினான். அவனுக்குத் தெரிந்த ஒருவர் சினிமா படப்பிடிப்புகளுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் கம்பெனி ஆரம்பிக்கிறாராம். "பணம் போடலாமான்னு யோசிக்கிறேன். நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்டா" என்றான். துப்பாக்கி விஷயத்தில் என் அனுபவம் தீபாவளிக்குச் சுருள் கேப் வெடித்ததோடு சரி. இருந்தாலும் மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். அப்போது எழுதி வைத்த குறிப்புகள் இவை.

இந்தத் தொழில் ஹாலிவுட் அளவுக்கே பழசு. 1920-ஐ ஒட்டி ஜேம்ஸ் ஸ்டெம்பிரிட்ஜ் என்ற முன்னாள் ராணுவ வீரர், இயக்குநர் செசில் பி. டிமில்லின் ஆதரவோடு 'ஸ்டெம்பிரிட்ஜ் கன் ரென்டல்ஸ்' ஆரம்பித்தார். பல பத்தாண்டுகள் ஹாலிவுட் படங்களில் வந்த துப்பாக்கிகளில் பெரும்பங்கு அங்கிருந்து போனதுதான். லண்டனில் இதே வேலையைச் செய்தது பாப்டி நிறுவனம். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹான் சோலோ கையில் இருக்கும் விண்வெளி ஆயுதம், அவர்களிடம் இருந்த பழைய மவுசர் கைத்துப்பாக்கியில் உதிரி பாகங்களை ஒட்டிச் செய்ததுதான். ஒரே சரக்கை வேஷம் மாற்றி மாற்றி வாடகைக்கு விடலாம். இந்தத் தொழிலின் லாபம் அங்கேதான் இருக்கிறது.

சரி, சினிமாத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது? நிஜத் தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, அடியில் பிரைமர் (நம்ம ஊர் கேப் மாதிரி, தட்டினால் தீப்பொறி), உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. வெற்றுத் தோட்டாவில் குண்டு மட்டும் இருக்காது. சத்தமும் தீயும் வரும். டம்மியில் குண்டு இருக்கும், மருந்தும் உயிருள்ள பிரைமரும் இருக்கக் கூடாது. க்ளோசப்பில் காட்டத்தான் அது.

இதில் ஒரு சிக்கல். தானியங்கித் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ள உள்ளே அழுத்தம் வேண்டும். குண்டு இல்லாவிட்டால் வாயு சும்மா வெளியே போய்விடும். அதனால் குழலுக்குள் வெளியே தெரியாதபடி சிறு துளையுள்ள அடைப்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். கேமராவிலும் தலைவலி உண்டு. விநாடிக்கு 24 பிரேம் ஓடும் ஃபிலிம் கேமராவில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டர் திறந்திருப்பது வழக்கமாக 1/48 விநாடிதான். அதாவது பாதி நேரம் கேமராவுக்குக் கண் மூடியிருக்கும். தீப்பிழம்போ சில மில்லி விநாடிதான் இருக்கும். சுட்டதில் கிட்டத்தட்ட பாதி படத்தில் விழாது!

சரக்கு மேலாண்மையும் சுவாரசியம். கௌபாய் படங்களுக்காகவே 'ஃபைவ் இன் ஒன்' என்ற வெற்றுத் தோட்டா வந்தது. .38-40, .44-40, .45 கோல்ட் ஆகிய மூன்று அளவு ரிவால்வர்களிலும், முதல் இரண்டு அளவு ரைஃபிள்களிலும் ஒரே தோட்டா பொருந்தும். தப்பான பெட்டியை எடுத்து வந்ததால் படப்பிடிப்பு நிற்காது. அந்தக் கால யுனிவர்சல் சார்ஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சட்டம். அமெரிக்காவில் துப்பாக்கித் தொழில் நடத்த மத்திய அரசின் எஃப்.எஃப்.எல். உரிமம் வேண்டும். வியாபாரி உரிமத்துக்கு முதல் மூன்று ஆண்டுக்கு 200 டாலர்தான். இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தால் வருடம் 500 டாலர் தனி வரி. 1986 மே மாதத்துக்குப் பிறகு செய்த இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வாங்கவே முடியாது. அதனால் அதற்கு முந்தைய சரக்கின் விலை எகிறிக் கிடக்கிறது. கலிஃபோர்னியாவில் படப்பிடிப்புக்கென்றே தனி அனுமதி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு துப்பாக்கியின் வரவும் போக்கும் வரிசை எண்ணோடு பதிவேட்டில் ஏற வேண்டும். ஒன்று காணாமல் போனால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும்.

இதுவரை படித்தபோது நல்ல தொழில் என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகுதான் விபத்துகளைப் பற்றிப் படித்தேன்.

1993 மார்ச் 31. 'தி க்ரோ' படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்தார். முன்னால் எடுத்த ஒரு க்ளோசப்புக்காக, நிஜத் தோட்டாக்களில் மருந்தைக் கொட்டிவிட்டு டம்மி செய்திருக்கிறார்கள். பிரைமரை விட்டுவிட்டார்கள். விசையை இழுத்தபோது அந்தச் சின்னப் பொறி குண்டைத் தள்ளிக் குழலுக்குள் சிக்க வைத்தது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு அதே ரிவால்வரில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். அதன் முழு விசையும் சிக்கிய குண்டைத் தள்ளியது. இரண்டு தோட்டாவும் சேர்ந்து ஒரு நிஜத் தோட்டா ஆகிவிட்டது.

இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிற எனக்கு இது அந்நியமாகவே தோன்றவில்லை. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டு மாட்யூலும் பாஸ். சேர்த்தால் சிஸ்டம் விழும். எங்கள் தொழிலில் சர்வரைத் திரும்ப ஏற்றிவிடலாம். அங்கே இறந்துபோனவர் 28 வயதுப் பையன்.

2021 அக்டோபரில், நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தார். அங்கே டம்மிகளோடு நிஜத் தோட்டாக்களே கலந்து கிடந்தன. டம்மியைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பக்கவாட்டில் துளை இருக்கும், அல்லது உள்ளே சிறு உருண்டை போட்டிருப்பார்கள், காதருகே ஆட்டினால் கலகலக்கும். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஒரு நிமிஷம். 2024-இல் அந்தப் படத்தின் ஆயுதப் பொறுப்பாளருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. இதற்குப் பிறகு பல தயாரிப்புகள் ரப்பர், ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கு மாறின. தீயைக் கணினியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நண்பனுக்குப் போன் போட்டேன். "துப்பாக்கி விலையை விடு. மூணே கேள்வி கேளு. டம்மி எங்கிருந்து வருது, யார் செய்யறாங்க? பெட்டி திறந்ததிலிருந்து மூடற வரைக்கும் ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணறது யாரு? அவசரப்படுத்துற டைரக்டர்கிட்ட 'முடியாது'ன்னு சொல்ற அதிகாரம் உங்க ஆளுக்கு ஒப்பந்தத்துலயே இருக்கா?"

"இப்படிக் கேட்டா அந்தாளு கோச்சுக்க மாட்டாரா?"

"கோச்சுக்கிட்டா பணம் போடாதே."

இந்தத் தொழிலில் வாடகைக்குப் போவது இரும்பு என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். 'இது சுடாது' என்ற உத்தரவாதத்துக்குத்தான் அவர்கள் வாடகை வாங்குகிறார்கள் என்பது இப்போதைய என் முடிவு. அந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுகிறவரிடம் பணம் போடலாம்.

நண்பன் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. கேட்டுவிட்டான் என்று நம்புகிறேன்.