பட்டுப் புழுவும் குடற்கிருமியும்

கொங்கு நாட்டில் பருத்தியைப் பற்றிப் பேசுவோர் பலர். பட்டைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம் பக்கங்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப் புழு வளர்த்து ஜீவனம் செய்யும் குடும்பங்கள் அநேகம். அவர்களுடைய உழைப்பைச் சில தினங்களில் பாழாக்கிவிடும் ஒரு வியாதியைக் குறித்து இங்கு எழுத விரும்புகிறோம்.

முட்டையிலிருந்து வெளிவந்த புழு கூடு கட்டுவதற்குச் சுமார் 25 நாட்கள் ஆகின்றன. நான்கு முறை தோலுரித்தபின் வரும் ஐந்தாம் பருவத்தில்தான், தன் ஆயுளில் தின்னும் இலையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தின்கிறது. பிளாச்சரி என்னும் நோய் பெரும்பாலும் இப்பருவத்திலேயே தலைகாட்டுகிறது. புழு இலையை வெறுக்கிறது; கழிச்சல் காண்கிறது; உடல் தளர்ந்து, கறுத்து, அழுகி நாறுகிறது. இலையும் கூலியும் செலவான பிறகு கூடு இல்லையென்றால், குடியானவன் வாங்கிய கடனுக்கு யாது செய்வான்?

பிரெஞ்சு தேசத்தில் பட்டுத் தொழில் நசித்தபோது, 1865-ல் லூயி பாஸ்டர் அலேஸ் என்னும் ஊருக்குச் சென்று ஆராயத் தொடங்கினார். அங்கிருந்த நோய் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். ஒன்றாகிய பெப்ரைன், தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவும் இறங்குவது. தாய்ப் பூச்சியை மைக்ராஸ்கோப்பில் சோதித்து, நோயுள்ளதன் முட்டைகளை அழிப்பதே அதற்கு அவர் கண்ட வழி. இன்றும் முட்டை வித்தகங்களில் கையாளப்படுவது அதுவே. மற்றொன்றாகிய பிளாச்சரியை இவ்வளவு எளிதாக விலக்க முடியாது.

காரணம், ஆரோக்கியமான புழுவின் குடலிலும் பலவகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. குடல் நீரின் காரத் தன்மை அவற்றை அடக்கி வைக்கிறது. ஈர இலை, புழுங்கிய இலை, நெருக்கம், காற்றோட்டமின்மை, சித்திரை வெயிலின் உஷ்ணம் ஆகியவற்றால் புழு பலவீனப்படும்போது, அடங்கியிருந்தவை பெருகிப் பகையாகின்றன. நல்ல விலை பெறும் வெண்பட்டு இனங்களோ, பழைய மஞ்சட்கூட்டு இனங்களைவிட மென்மையானவை.

வெளியிலிருந்து வரும் கிருமியும் உண்டு. 1901-ல் ஜப்பானில் இஷிவாடா என்பவர் பட்டுப் புழுவைத் திடீரெனக் கொல்லும் ஒரு கிருமியைக் கண்டார். பஸில்லஸ் துரிஞ்சியன்ஸிஸ் எனப்படும் அதுவே இன்று பயிர்ப் புழுக்களைக் கொல்லும் மருந்தாகத் தெளிக்கப்படுகிறது. பக்கத்துக் காட்டில் தெளித்தது காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால், பட்டுப் புழுவும் மடியும்.

ஆகவே இது ஒரு வீட்டாரின் விஷயம் மட்டுமன்று. ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்னும் மனையையும் தட்டுகளையும் சலவைத் தூளும் சுண்ணாம்பும் கொண்டு சுத்தி செய்ய வேண்டும். நோயுற்ற புழுக்களைப் பொறுக்கி எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். எருக்குழியில் எறிந்தால் அடுத்த வீட்டு மனைக்கும் நோய் செல்லும். ஊர் முழுதும் ஒரே சமயத்தில் இதைச் செய்தாலன்றிப் பயன் முழுமையாகாது.

1906 முதல் விவசாயக் கல்லூரியைக் கொண்டு விளங்கும் கோயம்புத்தூரில் அறிவுக்குக் குறைவில்லை. அந்த அறிவு புழு மனையின் வாசல்வரை செல்ல வேண்டும். நோயற்ற முட்டையும், நன்கு வளர்ந்த இளம்புழுவும், கிருமிநாசினியும் உரிய காலத்தில் குடியானவன் கைக்குச் சேரும்படி செய்வது சர்க்காரின் கடமை. நோய் வந்தபின் நஷ்டத்தைக் கணக்கெடுப்பதைவிட, வருமுன் காக்கச் செலவிடுவதே சிக்கனம் என்பது நமது அபிப்பிராயம்.