பனிக்காலக் கறிச் சாமான்: ஆள் பார்த்து, பண்டம் பார்த்துப் பொட்டலம் கட்டுவோம்



ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மளிகைக் கடைக்கு வரும் சீட்டே மாறிவிடும். மிளகு, சீரகம், சுக்கு, பூண்டு, நல்லெண்ணெய் எல்லாம் சீட்டில் மேலே ஏறும். "குளிர்காலம்" என்று நாம் சொன்னால் வடநாட்டு வியாபாரிகள் சிரிப்பார்கள். மார்கழி விடியற்காலையில்கூட நம் பக்கம் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனாலும் ஆண்டில் பெரும்பகுதி வெயிலில் காய்ந்த உடம்புக்கு அந்தப் பனியே போதும். பசி கூடுகிறது; கூடவே சளியும் வருகிறது. பசிக்குக் கறிக்குழம்பு, சளிக்குக் கோழிச்சாறு என்று நம் வீட்டுப் பெண்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வேண்டிய சாமான் நம் கடையில் இருக்கிறது. ஆனால் அதை விற்கிற முறையைத்தான் நாம் கைவிட்டு வருகிறோம்.

"அண்ணாச்சி, அரைக் கிலோ கறிக்குச் சாமான் போடுங்க" என்று கேட்டால், பழைய சில்லறை வியாபாரி பதிலுக்கு ஒன்று கேட்பார்: "குழம்புக்கா, சுக்காவுக்கா, ரசத்துக்கா தாயீ?" பதிலைக் கேட்டதும் கை தானாக அந்தந்த டப்பாவுக்குப் போகும். இன்று பல கடைகளில் தம்பிமார் கேட்கும் கேள்வி, "எந்தக் கம்பெனி பாக்கெட்?" என்பதுதான். பாக்கெட் மசாலா விற்பதை நான் குறை கூறவில்லை. கேட்பவருக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அதே பாக்கெட் அதே விலைக்கு அடுத்த கடையிலும் தொங்குகிறது. பெரிய ஸ்டோரில் இரண்டு ரூபாய் குறைத்துப் போடுகிறார்கள். செல்போனில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. அதில் நமக்கென்று தனிச்சிறப்பு எதுவும் கிடையாது. லாபத்தையும் கம்பெனிக்காரர் நிர்ணயித்துவிடுகிறார். முழுச் சாமானை வீட்டுக்குத் தகுந்தாற்போல் நிறுத்துக் கட்டிக் கொடுப்பது ஒன்றுதான் அவர்களால் செய்ய முடியாதது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லி, வத்தல் மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் கறியைப் பற்றி. நம் கரிசல் பூமிக்கென்றே ஆடுகள் இருக்கின்றன. செம்மறியில் கீழக்கரிசல், வேம்பூர் இனங்கள். வெள்ளாட்டில் கன்னி ஆடு. கோடையில் காய்ந்த புல்லையும் சீமைக்கருவேலங் காயையும் தின்று மெலிந்து திரியும் ஆடு, மழைக்குப் பின் பச்சையைக் கண்டதும் தேறிவிடும். தை மாதத்தில் சதைப்பிடிப்பும் கொழுப்பும் அளவாக இருக்கும். ஆனால் வியாபாரம் அதே ஒழுங்கில் நடப்பதில்லை. கார்த்திகை முதல் தேதியில் சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகளில் கறி நின்றுவிடுகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் வீட்டிலும் அப்படியே. இடையில் கிறிஸ்துமஸ் வருகிறது. பிறகு பொங்கல். மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் நாள் என்பதால் இறைச்சிக் கடைகள் அடைப்பு. ஆகவே மறுநாள் கரிநாளில் ஊரே சேர்ந்து கறி எடுக்கும். முந்தின நாள் மாலையிலேயே சாமான் வாங்கிவிடுவார்கள். மிளகும் பட்டையும் கிராம்பும் அன்று இருப்பு இல்லை என்று சொல்லும் கடை, ஓர் ஆண்டு வாடிக்கையை இழக்கும்.

இனி பண்டங்கள். கனமானது என்றால் வறுத்தரைத்த எலும்புக் குழம்புதான். அரைக் கிலோ வெள்ளாட்டுக் கறிக்கு, நெஞ்செலும்பும் கொஞ்சம் சேர்த்து, எங்கள் வீட்டுக் கணக்கு இது: மல்லி 25 கிராம், வத்தல் 15, மிளகு 5, சீரகம் 5, சோம்பு 5, கசகசா 5, பட்டை விரல் நுனி அளவு, கிராம்பு மூன்று. பட்டை, கிராம்பைக் கூட்டினால் அது பிரியாணி வாசனை ஆகிவிடும்; நம் பக்கத்துக் குழம்பு ஆகாது. நல்லெண்ணெய் சில சொட்டு விட்டு மல்லியைத் தனியாகவும் வத்தலைத் தனியாகவும் வறுக்கவேண்டும். வத்தல் முந்திக் கருகிவிடும் என்பதால் சேர்த்து வறுக்கக்கூடாது. கசகசாவைக் கடைசியில், சூட்டிலேயே புரட்டினால் போதும். சின்ன வெங்காயம் கால் கிலோவில் பாதியை வதக்கி, ஒரு கை தேங்காயோடு சேர்த்து அம்மியில் மைய அரைத்துவிட்டால் குழம்பு தானாகத் திக்காகும். மிச்ச வெங்காயம் தாளிதத்துக்கு. இந்தக் குழம்புக்கு நெல்லுச்சோற்றைவிடக் கம்பங்களியும் குதிரைவாலிச் சோறும் பொருத்தம். குதிரைவாலி நம் மாவட்டத்துப் பயிர். சர்க்கரை நோய்க்காரர் வீடுகளில் இப்போது விரும்பிக் கேட்கிறார்கள். கறிச் சாமான் கேட்டு வருபவரிடம் ஒரு கிலோ குதிரைவாலியையும் எடுத்துக் காட்டலாம்.

மேலே சொன்ன பட்டியலில் குழம்பின் தலையெழுத்தை நிர்ணயிப்பவை மல்லியும் வத்தலும். இரண்டும் நம் கரிசலில் விளைபவை. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. மானாவாரி மல்லியைப் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்தால் தை, மாசியில்தான் புதுச் சரக்கு வரும். வத்தல் மாசி முதல் சித்திரை வரை பழமெடுப்பு. ஆக, கறிக்குழம்பு அதிகம் கொதிக்கும் மார்கழியில் நம் கையில் இருப்பது எட்டு, பத்து மாதப் பழைய சரக்கு. நடுவில் மழைக்காலத்தையும் தாண்டி வந்த சரக்கு. ஈரம் கோர்த்த வத்தலை உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் பூத்திருக்கும். அதில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும். வறுத்தாலும் அது முழுமையாகப் போகாது. "அரைக்கத்தானே போகிறார்கள்" என்று நல்ல சரக்கோடு கலந்து தள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வியாபாரம் அல்ல. மூட்டையை மரப்பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். வெயில் அடிக்கும் நாளில் பிரித்து உலர்த்துங்கள். இராமநாதபுரம் குண்டு வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கும்போது சரக்கும் அதுவாகவே இருக்கவேண்டும். குண்டுக்கு வாசனையும் காரமும், சம்பாவுக்கு நிறமும் என்பது என் கணிப்பு. குழம்புக்கு மூன்றில் இரண்டு பங்கு குண்டு, ஒரு பங்கு சம்பா என்று கலந்து கொடுத்துப் பாருங்கள். மறுமுறை உங்களையே தேடி வருவார்கள்.

இலேசான பண்டங்களுக்கு வருவோம். இங்கே தேங்காய் இல்லை, கசகசா இல்லை, பட்டையும் இல்லை. நாட்டுக்கோழிச் சாறுக்கு அரைக் கோழிக்கு மிளகு 10 கிராம், சீரகம் 5, மல்லி 10, பூண்டு ஒன்று முழுதாக, சின்ன வெங்காயம் ஒரு கை, மஞ்சள், தக்காளி ஒன்று. கோழியை மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, எலும்போடு தட்டிப் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிடவேண்டும். பிராய்லர் என்றால் அரை மணி நேரமே அதிகம். சாறும் அத்தனை இறங்காது. ஆட்டுக்கால் சூப்புக்கும் ஏறக்குறைய இதே சாமான்தான். மல்லியைப் பாதியாக்கி மிளகைக் கொஞ்சம் கூட்டவேண்டும்.

இந்தச் சாறு சளிக்கு நல்லதா என்று கடையில் கேட்பார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு குடும்பத்துப் பாட்டியின் கோழிச் சூப்பை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். சளியின்போது தொண்டையில் அழற்சிக்குக் காரணமாகும் ஒருவகை வெள்ளணுக்களின் நகர்ச்சியை அது குறைத்தது என்று எழுதினார்கள். அது கண்ணாடிக் குப்பியில் நடந்த சோதனை. மனிதரிடம் அப்படியே நடக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை. சூடும் காரமும் நீரும் சேர்ந்து மூக்கடைப்பை இளக்கும் என்பது அனுபவம். அதுபோல ஆட்டுக்கால் சூப்பில் சுண்ணாம்புச் சத்து நிறைந்து வழிகிறது என்பதும் பெரிதும் நம்பிக்கையே. எலும்பிலிருந்து நீரில் இறங்கும் சுண்ணாம்பு சொற்பம். ருசிக்காகக் குடிக்கட்டும். கடைப் பலகையிலோ பொட்டலத்திலோ "சளி தீரும், மூட்டு வலி போகும்" என்று எழுதி வைத்து வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சாறு முழுவதும் மிளகை நம்பித்தான் நிற்கிறது. பழைய மிளகு காரம் தரும், மணம் தராது. கேரளத்தில் மிளகு அறுவடை மார்கழி, தையில்தான். புதுச் சரக்கு பொங்கலை ஒட்டியே வரத்தொடங்கும். மழமழவென்று மின்னும் மிளகைக் கண்டு மயங்கவேண்டாம். 2012 டிசம்பரில் கொச்சிக் கிட்டங்கிகளில் ஆயிரக்கணக்கான டன் மிளகு, கனிம எண்ணெய் பூசியதாகச் சீல் வைக்கப்பட்டதைப் பழைய வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். பப்பாளி விதைக் கலப்புக்குத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதப்பதெல்லாம் பப்பாளி விதை அல்ல, பிஞ்சு மிளகும் மிதக்கும். கடித்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. சீரகத்தைப் பற்றி ஒன்று மட்டும். 2023 கோடையில் குஜராத் ஊஞ்சாவில் குவிண்டால் 50,000 ரூபாயைத் தாண்டிப் போனபோது, பயந்துபோய்ப் பல கடைகள் சீரகத்தை வாங்காமலே விட்டன. பொட்டலத்துக்கு ஐந்து கிராம்தான் போகிறது. விலை இரட்டித்தாலும் வாங்குபவருக்குச் சில ரூபாய் வித்தியாசம்தான். அதற்காக இருப்பை வெறுமையாக வைக்கக்கூடாது.

கனமும் இல்லாமல் இலேசும் இல்லாமல் நடுவில் ஒரு பண்டம் இருக்கிறது. என் கணக்கில் இந்தக் காலத்துக்கு அதுவே ஏற்றது: மொச்சை போட்ட கறிக்குழம்பு. ஆட்டுக்கறி விலை கூலிக்காரக் குடும்பத்துக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ எடுப்பது எப்படி? கால் கிலோ கறி, அரைப்படி மொச்சை, நான்கு கத்தரிக்காய் என்றால் ஆறு பேரும் வயிறாரச் சாப்பிடலாம். தையில் பச்சை மொச்சை சந்தைக்கு வரும். வராத நாளில் நம் கடைக் காய்ந்த மொச்சையை இரவே ஊறப்போட்டால் சரி. குடல் குழம்புக்குக் கடலைப்பருப்பு சேர்ப்பதும் இதே யுக்திதான். இதற்குச் சாமானில் சோம்பைக் கொஞ்சம் கூட்டி, பூண்டு, பெருங்காயம் சேர்க்கவேண்டும், மொச்சை வாயு. இந்த விவரத்தைச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரரிடம் பயறும் விற்கும், மசாலாவும் விற்கும்.

உப்புக்கண்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் கோயில் கொடைக்கு வெட்டிய ஆட்டில் மிஞ்சிய கறியை, எலும்பு நீக்கி நீளவாக்கில் அரிந்து, கல் உப்பும் மஞ்சளும் வத்தல் தூளும் பிசறி, சணல் கயிற்றில் கோத்து, பங்குனி சித்திரை வெயிலில் கொடியில் தொங்கவிடுவார்கள். விறகுபோல் காய்ந்ததும் மண்பானையில் கட்டி வைத்தால் அடைமழை நாளுக்கு ஆகும். வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கொஞ்சம் கழித்துவிட்டு, தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வறுத்தால் இரண்டு துண்டுக்கு ஒரு தட்டுச் சோறு இறங்கும். இரத்த அழுத்தக்காரர்கள் தள்ளியிருப்பது நல்லது. கார்த்திகை ஈரத்தில் அதுவும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வெயில் கண்ட நாளில் மீண்டும் காயவைக்க வேண்டும். இப்போது செய்யும் வீடுகள் குறைந்துவிட்டன.

பொட்டலம் கட்டுவதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். அரைத்த மசாலாத் தூளை உதிரியாக விற்கக்கூடாது. பொதிந்துதான் விற்கவேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. முழுச் சாமானுக்கு அந்தத் தடை இல்லை. வாடிக்கையாளர் எதிரில் நிறுத்துக் கட்டுவது ஒரு கணக்கு. நேரம் கிடைக்கும்போது ஐம்பது பொட்டலம் முன்கூட்டியே கட்டித் தொங்கவிட்டால் அது பொதியப்பட்ட பொருள் ஆகிவிடும். அப்போது பொதிந்தவர் பெயர், எடை, தேதி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட வேண்டிவரும். ஆகையால் எதிரில் கட்டுங்கள், வாங்குபவருக்கும் திருப்தி. செய்தித்தாளில் கட்டாதீர்கள். அச்சு மை உணவில் ஏறும் என்று அதற்கும் தடை இருக்கிறது. நெகிழிப் பையோ 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கூடாது. அச்சில்லாத பழுப்புத் தாளும் பருத்தி நூலும் போதும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீட்டார் பொங்கல் முடிந்து மசாலா அரைத்துக் கொடுத்துவிடுவார்கள். துபாய், அபுதாபி, சிங்கப்பூர் போகிறது என்றால் கசகசாவைக் கட்டாதீர்கள். அங்கெல்லாம் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. விமான நிலையத்தில் பிடிபட்டால் பையனின் பிழைப்பே போய்விடும். "எங்கே போகுது தாயீ?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதில் பொரிகடலையோ முந்திரியோ போட்டுக் கட்டுங்கள். குழம்பு திக்காவதற்கு அது போதும்.

மாசியில் புது மல்லி மூட்டைகள் இறங்கத் தொடங்கும். அதுவரை பழைய இருப்பைச் சலித்து, உலர்த்தி, தை முடிவதற்குள் சில்லறையில் கழித்துவிடப் பாருங்கள்.