ஒரு மில்லி ரத்தத்தின் விலை

12 கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் சுமார் 900 மில்லி. கிலோவுக்கு 75 மில்லி என்பது கணக்கு. முகாமில் 350 மில்லி ரத்தம் கொடுத்த பெரியவர் ஜூஸ் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதே 350 இந்தக் குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தீக்காயத் தழும்பு இழுத்து உள்ளங்கையோடு மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தும்போது, முதலில் இந்த 900-ஐ மனத்தில் வைக்க வேண்டும். இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இருப்பே குறைவான ரத்தம் அது.

கண்ணளவில் மதிப்பிட்டால் பெரும்பாலும் தப்பாகும். நனைந்த காஸ் துணியைத் தராசில் போட்டு, காய்ந்த எடையைக் கழித்தால், கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லி. எட்டுத் துண்டுகளில் தலா 12 கிராம் கூடியிருந்தால் 96 மில்லி: உடல் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

இதைத் தடுக்கப் புஜத்தில் காற்றுப்பட்டை கட்டுகிறார்கள். சிஸ்டாலிக் அழுத்தம் 90 என்றால், பொதுவாக அதற்கு மேல் 50 முதல் 100 வரை ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்ட விடுவதில்லை. கையில் உள்ள ரத்தத்தை முழுக்கப் பிழிந்து எடுக்காமல், சில நிமிடம் உயர்த்திப் பிடித்துவிட்டுப் பட்டையை ஏற்றுவது நல்லது. மிச்சமிருக்கும் கொஞ்சம் ரத்தத்தால் விரலோரத்து மெல்லிய நாளங்கள் கண்ணுக்குத் தெரியும். தழும்புக்குள் அவை இடம்மாறிக் கிடக்கும் என்பதால் இது முக்கியம்.

இன்னொரு வழி, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் ஊசி. 1 மில்லிகிராம் ஆம்பூலை 200 மில்லி சலைனில் கலந்தால், ஒரு மில்லியில் 5 மைக்ரோகிராம். கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பை வைத்தால், இந்தக் குழந்தைக்கு 24 மில்லிதான் உச்சம். அதே ஆம்பூலை 20 மில்லியில் கலந்துவிட்டால் அந்த 24 மில்லியில் பத்து மடங்கு மருந்து போய்விடும். சிரிஞ்சில் அளவெழுதி ஒட்டாமல் மேசையில் வைக்கவே கூடாது. தன்னார்வலர்களின் கையில் அளந்து 2013-இல் வெளியான ஆய்வில், ரத்தக்குழாய்கள் முழுதாகச் சுருங்கச் சுமார் 26 நிமிடம் ஆனது. ஊசி போட்ட கையோடு கத்தியை எடுத்தால் முழுப் பலன் கிடைக்காது.

விரலில் அட்ரினலின் கூடாது என்று பழைய பாடநூல்கள் எச்சரித்தன. கனடாவின் டால்ஹவுசி ஆய்வு (2005) அந்த அச்சத்தைப் போக்கியது: கையிலும் விரலிலும் தொடர்ச்சியாக 3,110 பேருக்குப் போட்டும் ஒரு விரல்கூட அழுகவில்லை. ஆனாலும் அது தழும்பேறிய பிஞ்சு விரல்களுக்கென்று எடுத்த கணக்கல்ல. வெகுநாள் மடங்கியிருந்த விரலை நிமிர்த்தும்போது அதன் ரத்தக்குழாய் இழுபட்டு விரல் வெளுக்கலாம். அட்ரினலினும் விரலை வெளுக்க வைக்கும். எது காரணம் என்று எப்படிப் பிரித்தறிவது? அதனால் விரலுக்குப் பட்டையும், நிமிர்த்திய விரலில் திறக்கும் புண்ணை மூட ஒட்டுத்தோல் எடுக்கும் தொடை இடுக்குக்கு அட்ரினலினும் போதும் என்பதே என் கருத்து.

பெரிய கணக்கு சரியாக முடிந்தாலும், ஒட்டுத்தோலுக்கு அடியில் நடக்கும் சின்னக் கணக்குதான் அறுவையின் பலனைத் தீர்மானிக்கிறது. 6 சதுர சென்டிமீட்டர் ஒட்டுக்கு அடியில் 1 மில்லி ரத்தம் தேங்கிப் பரவினால், அதன் கனம் ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர். ஒட்டுத்தோலின் கனமே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முதல் இரண்டு நாள் அந்தத் தோல் அடிப்பரப்பில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. அதன் பிறகே ரத்தக்குழாய்கள் இணைகின்றன. நடுவில் ரத்தக்கட்டி நின்றால் இரண்டும் நடக்காது.

எனவே ஒட்டைத் தைப்பதற்கு முன்பே பட்டையைத் தளர்த்திவிட வேண்டும். ரத்தம் குபுக்கென்று பாயும். ஈரத்துணி வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் அசையாமல் அழுத்த வேண்டும். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்துவிடும். பிறகும் கசியும் புள்ளிகளை மட்டும் பைபோலார் முனையால் சுட வேண்டும். கண்டபடி சுட்டால் அடிப்பரப்பே கருகும். விரல் நுனி சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒட்டின் மேல் பஞ்சுப்பொதி வைத்து இறுகக் கட்டுவார்கள்.

ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரிப்பார்கள். ஒட்டு போயிருந்தால் திறந்த புண் ஆறும்போதே சுருங்கும். விரல் மறுபடி மடங்கும். அடுத்த அறுவைக்குக் குழந்தையின் மறுபக்கத் தொடை இடுக்கிலிருந்து தோல் எடுக்க வேண்டியிருக்கும்.