உமியோடு சேர்த்து விற்கலாமா?

தம்பலகாமத்தில் நெல் வாங்கி விற்பவனுக்குக் கம்ப்யூட்டர் கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

எங்கள் கடைக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்றைத் தெரிந்த தம்பி ஒருவர் செய்து தந்தார். வேலை சுத்தம். ஆனால், கடைப் பொடியன்களின் பழைய போன்களில் அது ஏறவில்லை. இடம் போதாது என்று போன் சொன்னது. "பில் போடுவதற்கு இவ்வளவு பாரமா?" என்று கேட்டேன்.

"பாரமெல்லாம் லைப்ரரியில்தான் நானா" என்றார்.

பல இடங்களில் தேவைப்படும் வேலைகளை ஒரு தடவை எழுதி, ஆயத்தமாக வைத்திருக்கும் கோப்புதான் லைப்ரரி. அன்ட்ரொய்ட் போனில் அதன் பெயர் 'எஸ்.ஓ.' என்று முடியும். எங்கள் லைப்ரரி பெருத்ததற்கு அவர் 3 காரணங்கள் சொன்னார்.

முதலாவது, பிழை தேடுவதற்கான குறிப்புகள். எந்தக் கட்டளை எந்த வரியில் எழுதப்பட்டது என்ற விபரமெல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். செய்பவருக்கு அது தேவை, பாவிப்பவருக்கு வேண்டியதில்லை. 'ஸ்ட்ரிப்' என்ற கருவி அதை உரித்தெடுத்துவிடும். மற்ற நிரல்கள் கூப்பிடும் பெயர்களை மட்டும் விட்டுவைக்கும்.

இரண்டாவது, ஒரே லைப்ரரி 4 வகைப் புரோசஸர்களுக்கும் 4 பிரதிகளாகப் போயிருந்தது. ஒரு போனுக்கு ஒன்றே போதும். கூகுள் பிளேயில் 2021 ஓகஸ்டிலிருந்து புதிய செயலிகளை 'அப் பண்டில்' முறையில்தான் போட வேண்டும். அதில் அந்தந்தப் போனுக்குரியது மட்டுமே இறங்கும். எங்களுடையது நேரே கையில் தந்ததால் எல்லாமே வந்துவிட்டது.

மூன்றாவது, யாரும் கூப்பிடாத பகுதிகள். அவற்றை விலக்கவும், வேகத்தைவிடச் சிறிய அளவுக்கு முதலிடம் கொடுத்துத் தொகுக்கவும் வழி உண்டு.

மூன்றையும் செய்தார். பழைய போன்களிலும் ஏறியது. உரித்ததால் வேகம் கூடாது. இடமும் டேட்டாவும்தான் மிச்சம்.

"உரித்ததை வீசிவிட்டீரா?" என்றேன். "இல்லை நானா, முழுப் பிரதி என்னிடம் இருக்கிறது" என்றார். நல்லதாகப் போயிற்று. பிறகு ஒருநாள் மென்பொருள் இடையில் நின்றது. போன் காட்டியதோ வெறும் இலக்கங்கள். முழுப் பிரதியோடு ஒப்பிட்டு, பிழையான வரியை அன்றைக்கே பிடித்துவிட்டார்.

நெல்லும் இப்படித்தான். சந்தைக்கு அரிசி போகட்டும். விதைக்கு உமியோடு நெல் வீட்டில் இருக்க வேண்டும்.

மென்பொருள் செய்விக்கும் வியாபாரிகள் காசு கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: உரித்துத் தருகிறீர்களா? அந்தந்தப் பதிப்பின் முழுப் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?