பிள்ளைக்கு என்ன சிகிச்சை? கடைசிச் சொல் யாருடையது?

2014 ஆகஸ்ட் 28. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகர மருத்துவமனையிலிருந்து 5 வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய பெற்றோர் யாரிடமும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூளையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்த பிள்ளை அவன். குழாய் வழியாகத்தான் உணவு. அடுத்த கட்டமாகக் கதிர்வீச்சும் கீமோவும் தர வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். வழக்கமான கதிர்வீச்சின் பின்விளைவுகளை நினைத்துப் பயந்த பெற்றோர், செக் குடியரசின் பிராக் நகரில் கிடைக்கும் புரோட்டான் சிகிச்சையைக் கேட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு அதனால் கூடுதல் பலன் இல்லை என்றது மருத்துவமனை. பேச்சு முறிந்தது. குடும்பம் கப்பல் ஏறி பிரான்ஸ் வழியாக ஸ்பெயினுக்குப் போய்விட்டது.

உணவு செலுத்தும் கருவியின் பேட்டரி தீர்ந்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்று போலீஸ் அறிவித்தது. தகப்பனார் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யூடியூபில் ஒரு வீடியோ போட்டார்: கருவி வேலை செய்கிறது, உணவும் கைவசம் இருக்கிறது என்று. அதற்குள் ஐரோப்பிய கைது வாரண்ட் பிறந்துவிட்டது. தாயும் தகப்பனும் ஸ்பெயின் சிறையில். பிள்ளை மலாகா நகர மருத்துவமனையில், பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல்.

பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற வேறு ஊருக்குக் கொண்டுபோனால் கைதா என்று கொதித்தார்கள் பலர். சிகிச்சையைத் தடுத்து உயிரோடு விளையாடினால் அரசு சும்மா இருக்குமா என்று கேட்டார்கள் வேறு சிலர். இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். பதில் தெரிய வேண்டுமானால் சட்டம் யாருக்கு எவ்வளவு அதிகாரம் தருகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட வழக்குகள் அங்கேதான் நடந்திருக்கின்றன.

பெற்றோரிடம் இருப்பது என்ன?

அங்கே அடிப்படைச் சட்டம் 1989-இல் வந்த குழந்தைகள் சட்டம். 'பெற்றோர் பொறுப்பு' என்பது அதன் மையம். உரிமை, கடமை, அதிகாரம் எல்லாம் அதற்குள் அடங்கும். பிள்ளைக்கு ஊசி போடுவதிலிருந்து அறுவை சிகிச்சை வரை சம்மதம் தருவது இந்தப் பொறுப்பின் பகுதி. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, சம்மதம் வாங்க நேரமில்லாத நிலையில் மட்டும் மருத்துவர் காத்திருக்காமல் சிகிச்சை தொடங்கலாம். மற்றபடி பெற்றோர் மறுத்தால் அவர்களைத் தாண்டிப் போக மருத்துவருக்குத் தன்னிச்சையாக அதிகாரம் கிடையாது.

இதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004-இல் அழுத்தமாகச் சொன்னது. கடுமையான உடல்குறை உள்ள ஒரு சிறுவன் சாகும் தறுவாயில் இருக்கிறான் என்று கருதிய மருத்துவர்கள், தாய் கூடாது என்று சொல்லியும் வலி மறக்கச் செய்யும் டயாமார்ஃபின் மருந்தைச் செலுத்தினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். தாய் மறுத்த பிறகு நீதிமன்றத்துக்குப் போகாமல் அதைச் செய்தது சிறுவனின் தனிவாழ்க்கைக்கான உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பு வந்தது.

அரசு எப்போது உள்ளே வரலாம்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அரசிடம் இருப்பது இரண்டு வேறு அதிகாரங்கள்.

முதலாவது, பிள்ளையைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும் அதிகாரம். கணிசமான தீங்கு நேரலாம் என்று கருத இடமிருந்தால் போலீஸ் 72 மணி நேரம் வரை பிள்ளையைப் பாதுகாப்பில் வைக்கலாம். உள்ளாட்சியின் சமூகப் பணியாளர்கள் நீதிமன்றத்திடம் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அது 8 நாள் நிற்கும், ஒருமுறை மட்டும் இன்னொரு 7 நாள் நீட்டலாம். அதற்கும் மேலே பராமரிப்பு உத்தரவு இருக்கிறது. அது கிடைக்க வேண்டுமானால், பிள்ளைக்குக் கணிசமான தீங்கு நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று காட்ட வேண்டும். அந்தத் தீங்குக்குக் காரணம் பெற்றோரின் கவனிப்பில் உள்ள குறை என்றும் காட்ட வேண்டும். அடி, பட்டினி, கைவிடுதல் போன்றவற்றை மனதில் வைத்து எழுதிய ஏற்பாடு இது.

இரண்டாவது, ஒரே ஒரு மருத்துவக் கேள்விக்கு மட்டும் நீதிமன்றத்திடம் விடை கேட்பது. ரத்தம் ஏற்றலாமா, வென்டிலேட்டரை எடுக்கலாமா, இந்த அறுவை சிகிச்சை வேண்டுமா? வழக்குப் போடுவது பெரும்பாலும் மருத்துவமனை நிர்வாகம். பிள்ளைக்கென்று தனியாக ஒரு காப்பாளர் நியமிக்கப்படுவார். அவர் மருத்துவமனை ஆளும் இல்லை, பெற்றோர் ஆளும் இல்லை. நீதிபதி அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். பிள்ளை பெற்றோரின் பிள்ளையாகவே இருக்கும். எந்தப் பள்ளி, எந்த மதம், எந்த வீடு என்பதெல்லாம் அவர்கள் முடிவுதான்.

இந்த இரண்டும் கலந்துவிடும்போதுதான் கொடுமை நடக்கிறது. சிகிச்சை பற்றிய கருத்து வேறுபாட்டை 'பிள்ளையைக் கவனிக்காத பெற்றோர்' என்ற வரிசையில் வைத்தால், மருத்துவரோடு வாதாடிய தாய்க்கும் பிள்ளையைப் பட்டினி போட்ட தாய்க்கும் ஒரே மருந்து கொடுத்ததாகிவிடும். சவுத்தாம்ப்டன் விவகாரத்தில் அதுதான் ஆனது. விஷயம் முறையாக உயர் நீதிமன்ற நீதிபதி பேக்கர் முன் வந்ததும், செப்டம்பர் 5-ஆம் தேதி, பெற்றோரின் திட்டம் நியாயமானதே என்று சொல்லி பிராக் போக அனுமதி கிடைத்தது. கைது வாரண்ட் அதற்கு முன்பே வாபஸ் ஆகியிருந்தது. குடும்பம் கிளம்பிப் போய் எட்டு நாளில் ஒரு நீதிபதி முடித்துவைத்த கேள்வி அது. அதே சமயம் பெற்றோர் பக்கமும் பிழை இருந்தது. தேறாத பிள்ளையைச் சொல்லாமல் கொண்டுபோனதால்தான், அவன் எங்கே, எப்படி இருக்கிறான் என்று தெரியாமல் மருத்துவமனை பதறியது.

நீதிபதி எதைப் பார்க்கிறார்?

பிள்ளையின் நலன். சட்டத்தின் முதல் பிரிவே அதுதான் தலையாயது என்கிறது. பெற்றோரின் விருப்பமும் மதமும் கணக்கில் வரும். ஆனால் முடிவை அவை தீர்மானிக்காது.

யெகோவாவின் சாட்சிகள் பிரிவினர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். பெரியவர் மறுத்தால் அது அவர் உரிமை. ஆனால் பிள்ளைக்கு ரத்தம் இல்லாமல் உயிர் போகும் என்ற நிலையில் நீதிமன்றங்கள் வழக்கமாக அனுமதி தந்துவிடுகின்றன. இதில் பெரிய சர்ச்சை இல்லை.

கடினமானது வேறு. 2000-ஆம் ஆண்டு, மால்டாவிலிருந்து வந்த தம்பதிக்கு மான்செஸ்டரில் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகள். பிரித்தால் ஒன்று உடனே இறக்கும். பிரிக்காவிட்டால் சில மாதங்களில் இரண்டும் இறக்கும். கத்தோலிக்கரான பெற்றோர், ஒன்றைக் கொன்று இன்னொன்றைக் காப்பாற்ற மாட்டோம் என்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்க அனுமதித்தது. நவம்பரில் அறுவை நடந்தது. ஒரு குழந்தை பிழைத்தது.

நீதிமன்றம் எப்போதும் மருத்துவர் பக்கமே சாயும் என்று நினைக்க வேண்டாம். 1996-இல் கல்லீரல் மாற்று அறுவை செய்தால் ஒன்றரை வயதுக் குழந்தை பிழைக்கும் என்று மருத்துவர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். தாய் மறுத்தார். தாயும் தகப்பனும் மருத்துவத் துறையில் வேலை பார்த்தவர்கள். அறுவையோடு முடியாத நீண்ட அவதி அது என்று அறிந்தவர்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் தாயின் முடிவை ஏற்றது. அந்தத் தீர்ப்பைச் சட்ட அறிஞர்கள் பலர் இன்றும் குறை சொல்கிறார்கள். 2019-இல் லண்டன் மருத்துவமனை ஒன்று 5 வயதுச் சிறுமியின் வென்டிலேட்டரை எடுக்க அனுமதி கேட்டபோது, அவள் வலியை உணரவில்லை, இத்தாலியின் ஜெனோவா மருத்துவமனை ஏற்கத் தயாராக இருக்கிறது என்பதைப் பார்த்து நீதிபதி பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். அங்கே போன சில மாதங்களில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்தாள்.

ஒன்று மட்டும் உறுதி. தன் மருத்துவ அறிவுக்கு ஒவ்வாத சிகிச்சையைத் தரும்படி எந்த மருத்துவரையும் இங்கிலாந்து நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. பெற்றோர் கேட்டதைத் தர வேறு மருத்துவர் முன்வந்தால்தான் அது விவாதத்துக்கே வரும்.

சார்லி கார்ட் வழக்கில் என்ன தகராறு?

உலகையே பேசவைத்த வழக்கு இது. 2016 ஆகஸ்ட் 4-இல் பிறந்த சார்லிக்கு, உடலின் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கும் அரிய மரபுநோய். மூளை பாதித்தது, தானாக மூச்சு விட முடியவில்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை, வென்டிலேட்டரை எடுப்பதே அவனுக்கு நல்லது என்றது. பெற்றோர் அமெரிக்காவில் ஒரு சோதனை சிகிச்சைக்குக் கொண்டுபோக, பொதுமக்களிடம் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். போப்பும் அமெரிக்க அதிபரும் குரல் கொடுத்தார்கள்.

பெற்றோரின் வாதம் கூர்மையானது: எங்கள் முடிவு மிகச் சிறந்ததா என்று கேட்க நீதிமன்றத்துக்கு வேலையில்லை, அது பிள்ளைக்குக் கணிசமான தீங்கு செய்யுமா என்று மட்டும் கேளுங்கள். பேக்கர் 2014-இல் சொன்னதையே அவர்கள் துணைக்கு அழைத்தார்கள். கணிசமான தீங்கு இல்லாதவரை பெற்றோர் முடிவில் அரசு தலையிடக் கூடாது என்று அவர் எழுதியிருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால் அளவுகோல் பிள்ளையின் நலன் ஒன்றே என்றது; தீங்கு என்ற அளவுகோலை வைத்தாலும் இந்தப் பிள்ளை விஷயத்தில் முடிவு மாறாது என்றும் சேர்த்துச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் தலையிட மறுத்தன. ஜூலை 24-இல் பெற்றோரே வழக்கைக் கைவிட்டார்கள். முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 28-இல் சார்லி இறந்தான்.

இந்த இரண்டு அளவுகோலுக்கும் இடையிலான தூரம்தான் இன்றைய விவாதம் முழுவதும். 'நலன்' என்று கேட்டால், பெற்றோர் தேர்ந்தெடுத்தது இரண்டாம்தரமான வழியாக இருந்தாலே நீதிபதி மாற்றலாம். 'தீங்கு' என்று கேட்டால், தரம் குறைந்தாலும் ஆபத்தில்லாத முடிவைப் பெற்றோரிடமே விட வேண்டும்.

மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்துவராவிட்டால்?

இதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். பிள்ளையின் சிகிச்சை பற்றிய தகராறு அங்கே மாநிலச் சட்டத்தின் கீழ் வரும். பெற்றோர் பிள்ளையின் நன்மைக்கே முடிவெடுப்பார்கள் என்று தொடங்குவதுதான் முறை என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் சொன்னது. அரசு தலையிட, பெற்றோர் கவனிப்பில் குறை வைத்தார்கள் என்று காட்ட வேண்டும். பெற்றோருக்குச் சாதகமான ஏற்பாடு போலத் தெரிந்தாலும் இதில் ஒரு சிக்கல் உண்டு: தலையிட வேண்டுமென்றால் பெற்றோரைக் குற்றவாளி ஆக்கியாக வேண்டும்.

2013-இல் பாஸ்டனில் அது வெளிப்பட்டது. 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மைட்டோகாண்ட்ரியா நோய் என்று ஒரு மருத்துவமனை சிகிச்சை தந்துவந்தது. இன்னொரு மருத்துவமனை, பிரச்சினை பெரும்பாலும் மனம் சார்ந்தது, பெற்றோர் தேவையில்லாத சிகிச்சைகளைத் திணிக்கிறார்கள் என்றது. அவள் மாநிலக் குழந்தைகள் துறையின் பொறுப்பில் போனாள். பெற்றோரிடம் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பெற்றோர் பிறகு தொடுத்த வழக்கில், 2020-இல் ஜூரி மருத்துவமனைக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. யார் சரி என்பதை விடுவோம். தகுதியுள்ள இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது, அதில் ஒருவரை நம்பிய பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

பிள்ளைக்கே விவரம் தெரியும் வயதானால்?

இங்கிலாந்தில் 16 வயதில் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அதற்குக் கீழேயும், விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால் தரலாம் என்று 1985-இல் விக்டோரியா கில்லிக் என்ற தாய் தொடுத்த வழக்கில் முடிவானது. ஆனால் சம்மதம் வேறு, மறுப்பு வேறு. சாப்பிட மறுக்கும் நோயால் உயிருக்குப் போராடிய 16 வயதுப் பெண்ணின் மறுப்பை 1992-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. 18 வரை நீதிமன்றத்தின் கை நீளும்.

தகராறு வந்தால் பெற்றோர் என்ன செய்யலாம்?

இரண்டாவது மருத்துவக் கருத்தைக் கேட்பது உங்கள் வழக்கம் ஆகட்டும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்டதையும் கிடைத்த பதிலையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்ற விரும்பினால், அங்கே ஏற்கத் தயார் என்ற கடிதத்தையும் பயண ஏற்பாட்டையும் காட்டிக் கேளுங்கள். நீதிபதி கேட்கப்போவதும் அதையே. மருத்துவமனையின் அறநெறிக் குழுவையும் நடுநிலைச் சமரசப் பேச்சையும் கேட்டுப் பெறலாம். இத்தகைய தகராறுகளை ஆராய 2022-இல் சட்டமே உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு வந்த நஃபீல்ட் உயிரறநெறிக் குழுவின் அறிக்கையும் சமரசத்தையும் நல்ல பேச்சையுமே முன்னிறுத்தியது.

வக்கீல் செலவு இன்னொரு பெரிய விஷயம். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து எடுக்கும் வழக்கில், வருமானம் எவ்வளவு என்றாலும் அரசுச் சட்ட உதவி உண்டு. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தும் வழக்கில் அது இல்லாமல் இருந்தது. சார்லியின் பெற்றோருக்கு வக்கீல்கள் காசு வாங்காமல்தான் வாதாடினார்கள். அந்த அநியாயத்தை நீதிபதியே சுட்டிக்காட்டினார். 2023-இல்தான் அந்தப் பெற்றோருக்கும் வருமான வரம்பு நீங்கியது. அரசின் பணத்தில் மருத்துவமனை வக்கீல் வைக்கும்போது, எதிரே நிற்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு வக்கீல் இருந்தால்தான் நீதிபதி இரண்டு பக்கமும் கேட்டதாக அர்த்தம்.