கோலாருக்கு இரண்டு முறை வந்த மின்சாரம்

சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் எந்த ஊரில் உற்பத்தியானது, எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வாழும் தமிழர்கள் கேட்டுப் பார்த்தால் சுவையான விடை கிடைக்கும். ஏ.சி. மின்சாரம் சிறந்ததா, டி.சி. மின்சாரம் சிறந்ததா என்பது இன்ஜினியர்களிடையே நூறாண்டு தாண்டிய வழக்கு. அதன் இரு தரப்புக்கும் கோலார் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

டார்ச் விளக்கின் பாட்டரி தருவது நேர் மின்சாரம், அதாவது டி.சி. அது ஒரே திசையில் ஓடும். வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம், அதாவது ஏ.சி. அது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வரும்.

எடிசன் 1882-ல் நியூயார்க் நகரில் டி.சி. மின்சாரம் வழங்கினார். ஆனால் அதை நெடுந்தூரம் கொண்டுபோக முடியவில்லை. வோல்ட் குறைவாக இருந்தால் கம்பியில் ஓடும் கரண்ட் அதிகமாகும். கம்பி சூடேறி மின்சாரம் வழியிலேயே வீணாகும். புறப்படும் இடத்தில் வோல்ட்டை உயர்த்தி, போய்ச் சேரும் ஊரில் குறைத்தால் இந்த நஷ்டம் குறையும். அதைச் செய்வது டிரான்ஸ்பார்மர். அதுவோ ஏ.சி.க்கு மட்டுமே வேலை செய்யும். ஆகவே டெஸ்லா, வெஸ்டிங்ஹவுஸ் ஆகியோரின் ஏ.சி. வென்றது.

காவிரி தந்த கரண்ட்

அந்த வெற்றி கோலாரை எட்ட அதிக காலம் ஆகவில்லை. 1902-ம் ஆண்டு ஜூன் மாதம், சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த ஏ.சி. மின்சாரம் சுமார் 147 கிலோ மீட்டர் தூரம் கம்பியில் வந்து தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் இதுவும் ஒன்று. திட்டத்துக்கு ஊக்கமளித்த மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் அதைக் காணாமலே 1901-ல் காலமானார். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான்.

தங்கவயலுக்கு முதலில் வந்தது தங்கம் எடுப்பதற்காக. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களே.

தோற்றது திரும்பியது

தோற்ற டி.சி. மறைந்துவிடவில்லை. ஏ.சி. திசை மாறும் ஒவ்வொரு முறையும் கம்பி நெடுகிலும் மின்னேற்றம் நிரம்பி வடிய வேண்டியிருக்கிறது. தூரம் கூடக்கூட இந்த வெட்டி வேலை பெருகும். டி.சி.யில் ஒரு தடவை நிரம்பினால் போதும். ஏ.சி.க்கு மூன்று கம்பித் தொகுதிகள் தேவை, டி.சி.க்கு இரண்டு போதும்.

ஆனால் டி.சி. பாதையின் இரு முனைகளிலும் மின்சாரத்தை மாற்றும் நிலையங்கள் வேண்டும். அவற்றின் விலை மிக அதிகம். ஆகவே குறைந்த தூரத்துக்கு ஏ.சி.யே மலிவு, சுமார் 600 முதல் 800 கிலோ மீட்டருக்கு மேல் போனால் டி.சி. மலிவு. கடலடிக் கேபிளில் இன்னும் குறைந்த தூரத்திலேயே டி.சி. லாபம் தரும். சுவீடன் நாட்டில் காட்லாந்து தீவுக்கு 1954-ல் கடலடியில் டி.சி. மின்சாரம் சென்றது.

இரண்டாவது வருகை

ஒடிசாவில் தால்ச்சர் நிலக்கரி வயலுக்கு அருகே பெரிய அனல் மின் நிலையம் உள்ளது. நிலக்கரியைத் தெற்கே சுமப்பதைவிட மின்சாரத்தை அனுப்புவது எளிது. அங்கிருந்து கோலாருக்குச் சுமார் 1,400 கிலோ மீட்டர் நீளத்தில், 500 கிலோவோல்ட் டி.சி. பாதை 2003-ல் இயங்கத் தொடங்கியது. 2,000 மெகாவாட் கொண்டுவர அமைந்த பாதை இது. கோலாரில் ஏ.சி.யாக மாறி, அந்த மின்சாரம் தென் மாநிலங்களுக்குப் பிரிகிறது.

இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. 2013 டிசம்பர் 31 வரை தென்னக மின்வலை மற்றப் பகுதிகளோடு டி.சி. மூலமாகவே இணைந்திருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்வலை விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. தெற்கின் வலை விழவில்லை. ஒரு பக்கத்து ஆட்டம் மறுபக்கம் தொற்றாமல் டி.சி. தடுத்தது.

2020-21-ல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூருக்கு 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் டி.சி. பாதை வந்துவிட்டது. ஆனால் ஊருக்குள் மின்சாரத்தைப் பகிர்வது இன்றும் ஏ.சி.தான். நெடும்பயணத்துக்கு டி.சி., வீட்டு வாசலுக்கு ஏ.சி. என்று வழக்கு சமரசத்தில் முடிந்திருக்கிறது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. முதல் மின்சாரம் சுரங்கத்துக்காக வந்தது. இரண்டாவது வந்தபோது சுரங்கமே இல்லை. அந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் இன்று அதிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வேலை செய்யும் இடங்களில் எரியும் விளக்குகளில் தால்ச்சர் நிலக்கரியின் பங்கும் கலந்திருக்கிறது. அந்தக் கம்பியின் மறுமுனையிலும் சுரங்கத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தங்கவயல்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.